பாட்டு எப்ப தொடங்கும்? அதிகம் அறியப்படாத ரொக் இசைக்குள் நுழைய ஒரு வழி

போன போயா விடுமுறைக்கு அக்காவின் மகன் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை. கல்யாண வீடுகளுக்குப் போகும் ஒரு இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிறான். விரலில் நல்ல வேகம். நான் விறாந்தையில் பாட்டுப் போட்டிருந்தேன். ட்ரம்ஸ் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு கிற்றார் மெல்ல நீண்டு, சுருண்டு, மறுபடி நீண்டது. நாலு நிமிடம் பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, பாட்டு எப்ப தொடங்கும்?"

"தொடங்கி நாலு நிமிசமாகுது மனே. இன்னும் ஆறு நிமிசம் இப்படித்தான் போகும்."

அவன் சிரித்தான். ஆனால் அது மிகச் சரியான கேள்வி. இந்த வகை இசையை முதல்முறை கேட்கும் எல்லோரும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். நாங்கள் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்ற ஒழுங்கு காதில் ஊறிக் கிடக்கிறது. வாத்தியம் மட்டும் ஒலித்தால் "இது முன்னிசை, குரல் இனித்தான் வரும்" என்று மனம் காத்திருக்கத் தொடங்கிவிடும். காத்திருக்கும் மனத்துக்கு, நடந்துகொண்டிருப்பது கேட்பதில்லை.

அன்று ஓடிய பாட்டு ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்தைச் சேர்ந்த நொய் என்ற குழுவினுடையது. பெயர் 'ஹலோகலோ', 1972இல் வந்தது. மிக்கேல் ரோத்தர் கிற்றார், கிளவுஸ் டிங்கர் ட்ரம்ஸ், அவ்வளவுதான். பத்து நிமிடமும் பாடகர் என்று ஒருவர் இல்லை. வளைவே இல்லாத நீண்ட வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது போல அந்தத் தாளம் போய்க்கொண்டே இருக்கும். வீதி மாறாது, இரு பக்கமும் காட்சிதான் மாறும். பாட்டை அப்படிக் கேட்க வேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். மற்றப்படி நான் சொன்னவற்றை, கேட்க ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாத மற்றவர்களுக்காகவும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். 'பரிசோதனை இசை' என்றும் 'அண்டர்கிரவுண்ட் இசை' என்றும் சேர்த்தே பேசுகிறார்கள். இரண்டும் வேறு வேறு விசயங்கள். பரிசோதனை என்பது இசை எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதைப் பற்றியது. அண்டர்கிரவுண்ட் என்பது அந்த இசை ஆட்களிடம் எந்த வழியாக வந்து சேருகிறது என்பதைப் பற்றியது. மிக எளிமையான பாட்டும் அண்டர்கிரவுண்டாக இருக்கலாம். மிகச் சிக்கலான பரிசோதனை பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரிலும் வரலாம்.

இரண்டாவது சொல்லின் முழு அர்த்தத்தையும் காட்டும் கதை பிராக் நகரத்தில் நடந்தது. 1968 ஓகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. அதற்கு அடுத்த மாதம் அங்கே 'பிளாஸ்டிக் பீப்பிள் ஒஃப் த யுனிவர்ஸ்' என்ற ரொக் குழு பிறந்தது. மேடையில் வாசிப்பதற்கு அரசாங்கம் கொடுக்கும் அனுமதியை 1970இல் இழந்தார்கள். அதன் பிறகு ஒளித்து வாசித்தார்கள், நண்பர்களின் கல்யாண வீடுகளில்கூட. பாட்டுகள் நாடாவில் கைமாறிப் போயின. 1976இல் குழுவினரும் நண்பர்களும் கைதானார்கள். குழுவின் வழிகாட்டியான இவான் யிரூஸுக்குப் பதினெட்டு மாதச் சிறை. ஒரு ரொக் குழுவுக்காக எழுத்தாளர்களும் அறிஞர்களும் ஒன்றுகூடினார்கள். 1977 ஜனவரியில் வெளிவந்த 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கைக்கு அந்த வழக்கு ஒரு முக்கிய காரணம். கையெழுத்திட்டவர்களில் நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் ஒருவர். 1989 டிசம்பரில் அவர் அந்த நாட்டின் ஜனாதிபதியானார். கல்யாண வீட்டில் கிற்றார் வாசிப்பது எத்தனை பெரிய காரியமாக முடியலாம் என்று மருமகனுக்குச் சொன்னேன். அவன் கண் விரிந்தது.

இன்னொரு கதை சகாரா பாலைவனத்தில். மாலி நாட்டின் துவாரெக் மக்களின் எழுச்சி 1963இல் அடக்கப்பட்டபோது தகப்பனைப் பறிகொடுத்த ஒரு சிறுவன், அகதியாக அல்ஜீரியாவில் வளர்ந்தான். தகரப் பேணி ஒன்று, தடி ஒன்று, சைக்கிள் பிரேக் கம்பி, இவற்றை வைத்துத் தானே ஒரு கிற்றார் செய்தான். பெயர் இப்ராகிம் அக் அல்ஹபிப். பின்னர் அவர் தொடங்கிய குழுதான் தினாரிவென். வெற்றுக் கசற் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குப் பாட்டைப் பதிந்து கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. அந்தக் கசற்றுகள் எல்லைகளைத் தாண்டிப் பாலைவனம் முழுக்கப் பரவின. வெளியுலகத்துக்கு அவர்களின் முதல் அல்பம் 2001இல்தான் கிடைத்தது. அதற்கு முன் இருபது வருடம் அவர்கள் தங்கள் சனத்திடையே பெயர் பெற்றவர்கள். றெக்கோடிங் பாரில் கசற் கொடுத்துப் பாட்டுப் பதிந்த தலைமுறைக்கு, இடம்பெயர்ந்து போன வீடுகளில் பாட்டுக் கேட்ட எங்களுக்கு, இதற்கு விளக்கம் தேவையில்லை.

பிரித்தானியாவில் இது வேறு மாதிரி நடந்தது. மஞ்செஸ்டரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் குழுவினர் 500 பவுண் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே அச்சிட்டார்கள். முதலில் ஆயிரம் பிரதிகள். கம்பனியின் கதவைத் தட்டாமலே இசைத்தட்டுப் போடலாம் என்று தெரிந்ததும் நூற்றுக்கணக்கான குழுக்கள் அதே வழியில் வந்தன.

சரி, இனிப் பரிசோதனை என்ற சொல்லுக்கு வருவோம். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். புதியவர்கள் பயந்து திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். என் உறுதியான எண்ணம் என்னவென்றால், மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இதில் பயப்பட எதுவுமே இல்லை. கேட்கும் காது ஏற்கெனவே இருக்கிறது.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கை நினைத்துப் பாருங்கள். உடுக்கு ஒரே அடியை எத்தனை நேரம் அடிக்கிறது? அரை மணித்தியாலம் கடந்தும் அதே அடிதான். அடிக்கும் வேகத்தில், அழுத்தத்தில் மயிரிழை மாற்றம் வரும்போது கூட்டத்தின் உடம்பே மாறுகிறது. தெய்வம் ஆடுகிறவர் அந்த மாற்றத்தில்தான் எழும்புகிறார். அந்த நேரத்தில் "பாட்டு எப்ப தொடங்கும்" என்று யாராவது கேட்டிருக்கிறோமா? வட்டக்களரியில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தாளக்கட்டைப் பிடித்தால், ஆட்டக்காரருக்குக் களைப்பு வரும்வரை அது ஓயாது. சல்லரி அதன் மேல் மினுங்கிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப வருவதால் சலிப்பு வருவதில்லை. திரும்பத் திரும்ப வருவதால்தான் நாங்கள் அதற்குள் போகிறோம்.

இதே இரகசியத்தை ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் 1968இல் தொடங்கிய 'கான்' என்ற குழு ரொக் இசைக்குள் கொண்டுவந்தது. அவர்களின் ட்ரம்ஸ்காரர் யாக்கி லீபெசைட். கட்டுப்பாடே இல்லாத ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். ஒரே மாதிரி வாசிக்கும்படி ஒரு ரசிகர் வந்து சொன்னதுதான் தன்னை மாற்றியது என்று பின்னர் சொல்லியிருக்கிறார். குழுவின் ஹோல்கர் ஷூக்காயும் இர்மின் ஷ்மிட்டும் ஷ்டொக்ஹவுசன் என்ற பெரிய நவீன இசையமைப்பாளரிடம் படித்தவர்கள். மணிக்கணக்காகச் சேர்ந்து வாசிப்பார்கள், எல்லாவற்றையும் நாடாவில் பதிவார்கள். அப்புறம் ஷூக்காய் நாடாவை வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவார். பாடகர் டாமோ சுசுகி வந்து சேர்ந்த விதமும் அதே போலத்தான். 1970இல் மியூனிச் தெருவில் பாடிக்கொண்டிருந்த ஜப்பானிய இளைஞனைக் கண்டு கூப்பிட்டார்கள், ஒத்திகை எதுவும் இல்லாமல் அன்றிரவே மேடையில் பாடினார். அவர் பாடும் சொற்களில் பாதிக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. 1971இல் வந்த 'டாகோ மாகோ' அல்பத்தில் 'ஹலேலூவா' என்று பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டு உண்டு. சடங்கு பார்த்தவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும். லீபெசைட் எங்கள் கோயில் வாசலில் நின்று பழகியவரோ என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது சுருதி. எங்கள் இசையில் தம்புராவோ சுருதிப்பெட்டியோ ஒரே ஒலியைப் பின்னால் பிடித்துக்கொண்டிருக்கும், பாட்டு அதன் மேல் நடக்கும். மேற்கத்திய ரொக் இசையில் அப்படி ஒரு பழக்கம் பெரும்பாலும் இருக்கவில்லை. நியூயோர்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு அதைக் கொண்டுவந்தது. அவர்களின் முதல் அல்பம் 1967 மார்ச்சில் வந்தது. அட்டையில் ஓவியர் அண்டி வார்ஹோலின் வாழைப்பழம். அந்த நேரத்தில் அது சரியாக விற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பரிசோதனை ரொக் குழுக்களின் மூதாதையரைத் தேடிப் போனால் அநேகமாக அந்த வாழைப்பழத்தில்தான் போய் நிற்போம்.

அதில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜோன் கேல் வயோலா வாசித்தார். வயலினுக்கு மூத்த சகோதரம் போன்ற, இன்னும் தடித்த குரல் கொண்ட வாத்தியம் அது. அவர் அதற்கு முன் லா மொன்டே யங் என்பவரின் குழுவில் ஒரே ஒலியை நெடுநேரம் பிடித்துப் பிடித்துப் பழகியவர். குழுவின் பாடகரும் கிற்றார்காரருமான லூ ரீட், சில பாட்டுகளுக்குக் கிற்றாரின் எல்லாக் கம்பிகளையும் ஒரே சுரத்துக்குக் கூட்டிவிட்டு வாசித்தார். மொரீன் டக்கர் ட்ரம்ஸின் பின்னால் இருக்காமல் நின்றபடி, பெரிய ட்ரம்மைப் படுக்கவைத்து, சிம்பல் என்ற உலோகத் தட்டுகளை அநேகமாகத் தொடாமல் தட்டினார். மூன்றும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று 'வீனஸ் இன் ஃபர்ஸ்' என்ற பாட்டில் கேட்கலாம். மருமகனுக்கு அதைத்தான் இரண்டாவதாகப் போட்டேன். "இது தம்புரா மாதிரிக் கிடக்கு மாமா" என்றான், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே.

கிற்றாரின் கம்பிகளை வேறு விதமாகக் கூட்டுவது இந்த உலகத்தில் ஒரு பெரிய கதவு. கிற்றார் படிக்கப் போனால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று ஆறு கம்பிகளைக் கூட்டச் சொல்லித் தருவார்கள். அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் பல வருட ஆராய்ச்சிக்குப் பிறகு 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். பழந்தமிழரின் யாழில் நரம்புகள் எப்படிக் கூட்டப்பட்டன, பாலை என்று சொல்லப்படும் சுரவரிசை ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிப் பிறந்தது என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். நரம்பின் கூட்டு மாறினால் பண்ணே மாறும் என்ற அறிவு எங்கள் மண்ணில் ஆழமானது. நியூயோர்க்கில் 1981இல் தொடங்கிய சொனிக் யூத் குழுவினர் இதைக் கிற்றாரில் செய்தார்கள். மலிவான பழைய கிற்றார்களை வாங்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கூட்டி, சில நேரம் கம்பிகளுக்கு அடியில் ஸ்குரூ டிரைவரைச் செருகி வாசித்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கிற்றார் என்ற அளவுக்கு அது போனது. 1999இல் கலிபோர்னியாவில் அவர்களின் வாத்தியங்களோடு வாகனம் களவு போனபோது, சில பாட்டுகளை மேடையில் வாசிக்க முடியாமலே போய்விட்டது. அந்தப் பாட்டுகள் அந்தக் கிற்றார்களுக்குள்தான் இருந்தன.

இரைச்சலைப் பற்றி ஒரு சொல். கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் 'கூ' என்று ஒரு ஊளை கிளம்பும். ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம் மறுபடி ஒலிவாங்கிக்குள் போய், பெரிதாகி, மறுபடி வெளியே வந்து, மறுபடி உள்ளே போகும் சுழற்சி அது. சவுண்ட்காரர் ஓடிவந்து அதை நிறுத்துவார். மின்சாரக் கிற்றாரிலும் இதே சுழற்சி வரும். அதை நிறுத்தாமல், கிற்றாரை ஸ்பீக்கருக்கு எத்தனை அடி தூரத்தில் எந்தச் சாய்வில் பிடிப்பது என்று பழகி, அந்த ஊளையையே ஒரு சுரமாக்கி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தமுறை அப்படி ஒரு சத்தம் பாட்டில் வந்தால், வாத்தியம் பழுது என்று நினைக்க வேண்டாம். ஒரு ஆள் அதைக் கையில் பிடித்து வைத்திருக்கிறார்.

பாட்டின் மொழி புரியவில்லையே என்ற கவலையையும் விட்டுவிடுங்கள். பிரான்சின் மக்மா குழுவின் தலைவர் கிறிஸ்டியன் வாண்டர் தன் பாட்டுகளுக்கென்றே கோபையன் என்ற மொழியைத் தானே உருவாக்கினார். பிரான்ஸ்காரருக்கும் புரியாது, எங்களுக்கும் புரியாது. எல்லோரும் ஒரே பந்தியில் இருக்கிறோம்.

இனி, எப்படித் தேடுவது? பெரிய செயலிகள் நாங்கள் கேட்டதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துத் தருகின்றன. அது வசதிதான், ஆனால் பலர் கேட்ட பாட்டைத்தான் அநேகமாக முதலில் நீட்டும். ஓரத்தில் இருப்பதை எட்டிப் பிடிக்க, ஆளைப் பிடித்துக்கொண்டு போவதே நல்ல வழி. குழுவின் பெயரைவிட அதில் வாசித்த ஆளின் பெயர் தூரத்துக்குக் கூட்டிப்போகும்.

மேலே சொன்ன ஜோன் கேலையே எடுத்துக்கொள்வோம். அவர் வெல்வெட் அண்டர்கிரவுண்டை விட்டு விலகிய பிறகு என்ன செய்தார்? அந்த முதல் அல்பத்தில் சில பாட்டுகள் பாடிய நிக்கோ என்ற ஜேர்மன் பெண், 1968இல் 'த மார்பிள் இன்டெக்ஸ்' என்று ஒரு அல்பம் போட்டார். அதற்கு வாத்தியங்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தியவர் கேல். நிக்கோ அதில் வாசிப்பது ஆர்மோனியம். ஆம், எங்கள் பசனைக்கும் நாடகத்துக்கும் வரும் ஆர்மோனியத்தின் உறவுக்கார வாத்தியம். ஆனால் அதில் பிறக்கும் குளிரை நீங்கள் எந்த நாடகத்திலும் கேட்டிருக்க மாட்டீர்கள். அதே கேல்தான் 1969இல் ஸ்டூஜஸ் குழுவின் முதல் அல்பத்தையும், 1975இல் பாடகி பாட்டி ஸ்மித்தின் முதல் அல்பமான 'ஹோர்ஸஸை'யும் தயாரித்தார். ஒரே ஒரு வயோலாக்காரரின் கையைப் பிடித்தால் எட்டு வருடத்தில் நாலு வெவ்வேறு உலகங்கள். இப்படிப் போக டிஸ்கொக்ஸ் என்ற இணையத்தளம் உதவும். ஒவ்வொரு இசைத்தட்டிலும் யார் வாசித்தார், யார் பதிவு செய்தார், எந்த வருடம் என்று அதில் இருக்கும். பெயரைத் தொட்டால் அந்த ஆள் வேறெங்கே வேலை செய்தார் என்று திறக்கும்.

ஆளுக்கு அடுத்தது, நம்பக்கூடிய ஒரு காது. இலங்கை வானொலியின் நல்ல அறிவிப்பாளர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பிரித்தானியாவில் பிபிசி வானொலியின் ஜோன் பீல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை அந்த வேலையைச் செய்தார். தபாலில் வரும் முகம் தெரியாத குழுக்களின் நாடாக்களைக்கூடக் கேட்டு, பிடித்ததை ஒலிபரப்பினார். லண்டனில் கைவிடப்பட்ட ஒரு இறைச்சிக் குளிர் அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த திஸ் ஹீட் என்ற மூன்று பேரின் குழு அவருடைய நிகழ்ச்சி மூலம்தான் பலரைச் சென்றடைந்தது. 'ஜோன் பீல் செஷன்' என்று யூடியூபில் தேடினால் ஒரு புதையலே கிடக்கிறது.

இன்னொரு புதையல் வரைபடம் 1979இல் வந்தது. நேர்ஸ் வித் வூண்ட் என்ற குழு தங்கள் முதல் அல்பத்தோடு, தாங்கள் விரும்பிக் கேட்ட குழுக்களின் பெயர்களை ஒரு பட்டியலாக அச்சிட்டது. அடுத்த அல்பத்தில் அது 291 பெயர்களாக வளர்ந்தது. விளக்கம் எதுவும் இல்லை, வெறும் பெயர்கள். நாற்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுவதும் ஆட்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்த விசயம், தாங்கள் கேட்டதைப் பதுக்காமல் மற்றவனுக்கும் கொடுத்த மனம்.

சகாராவில் இந்தப் பகிர்வு கைப்பேசியில் நடந்தது. இணையம் சரியாக இல்லாத ஊர்களில் பாட்டுகள் மெமரி கார்ட்டிலும் புளூடூத்திலும் கைமாறின. சாஹெல் சவுண்ட்ஸ் என்ற சிறிய லேபல், அதாவது இசை வெளியிடும் நிறுவனம், அவற்றைத் தேடித் திரட்டி, பாடியவர்களைக் கண்டுபிடித்து வெளியிட்டது. நைஜர் நாட்டின் கிற்றார்காரர் ம்டூ மொக்டார் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது அப்படித்தான். இப்படி ஒரு சிறிய லேபலைப் பிடித்துப்போனால், அதை நடத்துபவரின் இரசனை எங்களுக்கு வழிகாட்டும். 2008 முதல் இயங்கும் பேண்ட்கேம்ப் தளம் இதற்கு ஏற்றது. பெரும்பாலான அல்பங்களை வாங்குவதற்கு முன் முழுவதும் கேட்கலாம். அதை வாங்கியவர்களின் சிறிய படங்கள் கீழே இருக்கும். ஒருவரின் படத்தைத் தொட்டால் அவர் வாங்கிச் சேர்த்த மற்றவை தெரியும். யாரென்றே தெரியாத ஒரு ஆளின் அலுமாரியைத் திறந்து பார்ப்பது போல. நான் பல இரவுகளை அப்படிக் கழித்திருக்கிறேன்.

கேட்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இசையைப் பலர் இழப்பது இங்கேதான். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைக் கரையில் நின்று கேட்க முடியாது. நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். ஒலி அங்கேதான் இருக்கிறது, அதைக் காதுக்குக் கொண்டுவர ஒரு துடுப்பு வேண்டும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனிகள் வராது. பேஸ் கிற்றாரும் பெரிய ட்ரம்மும் அநேகமாகக் காணாமல் போய்விடும். இந்த இசையில் பாதி அங்கேதான் நடக்கிறது. விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை, ஒரு சாதாரண ஹெட்செட் போதும்.

மறுகா, ஒரு பாட்டை மூன்று முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். முதல்முறை ட்ரம்ஸ், அடுத்தமுறை பேஸ், அதற்குப் பிறகுதான் கிற்றாரும் குரலும். குரலைக் கடைசிக்கு வைப்பது முக்கியம். சினிமாப் பாட்டில் பழகிய காது குரலை நோக்கி ஓடும், அதைக் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும். அல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, அந்த வரிசையிலேயே கேளுங்கள். இடையில் ஒரு பாட்டைப் பாய்ந்து போனால் கூத்தில் ஒரு வரவைத் தவறவிட்டது போல.

எல்லாமே பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. கப்டன் பீஃப்ஹார்ட் 1969இல் வெளியிட்ட 'ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா' இந்த உலகத்தில் மிகவும் கொண்டாடப்படும் அல்பங்களில் ஒன்று. ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு தாளத்தில் ஓடும். எனக்கு அதற்குள் போக வருடக்கணக்கானது, இன்றைக்கும் அதில் பாதிதான் என்னுடையது. அதில் தொடங்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன்.

தொடங்குவதற்கு என்னைக் கேட்டால், முதல் கிழமை 'ஹலோகலோ' மட்டும். வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேளுங்கள், பாசிக்குடாப் பக்கம் போகும் நீண்ட வீதி என்றால் இன்னும் நல்லது. இரண்டாவது கிழமை வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் அல்பம். மூன்றாவதாக, அமெரிக்காவின் லூயிவில் நகரத்து இளைஞர்கள் நால்வரின் ஸ்லின்ட் குழு 1991இல் வெளியிட்ட 'ஸ்பைடர்லாண்ட்'. ஆறே பாட்டுகள். பேசுவது போன்ற குரல், மெல்லிய கிற்றார், பிறகு திடீரென்று கூரை பறக்கும். அது வெளிவருவதற்கு முன்பே குழு கலைந்துவிட்டது. யாரும் பெரிதாக வாங்கவுமில்லை. கேட்ட சிலர் மற்றவருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, அப்படித்தான் அது இன்றுவரை நடந்து வந்திருக்கிறது. இதை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். நாலாவது கிழமை 'டாகோ மாகோ'. அதற்குப் பிறகு உங்களுக்கு நான் தேவையில்லை.

மருமகன் வீட்டுக்குப் போய் மூன்று கிழமை கழித்து ஒரு இரவு வாட்ஸப்பில் ஒரு இணைப்பு அனுப்பினான். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரத்தில் 2010இல் தொடங்கிய செஞ்ஞாவா என்ற குழு. இரண்டே பேர். ரூலி ஷபாரா குரலால் உறுமுகிறார், கீறுகிறார், திடீரென்று தாலாட்டுகிறார். வுகிர் சுர்யாதி வாசிப்பது அவரே மூங்கிலில் செய்த வாத்தியம். ஒரே மூங்கில் தண்டில் நரம்பும் இருக்கிறது, தாளமும் இருக்கிறது, மின்சாரத்தில் இணைத்தால் அது மெட்டல் குழு மாதிரி அதிர்கிறது. 2021இல் அவர்கள் வெளியிட்ட 'அல்கிசா' என்ற அல்பத்தை ஒரு பெரிய கம்பனிக்குக் கொடுக்காமல், பல நாடுகளில் உள்ள 44 சிறிய லேபல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு லேபலும் தன் ஊருக்கு ஏற்ற மாதிரி அட்டை போட்டு வெளியிட்டது.

எனக்கு அந்தக் குழுவைத் தெரிந்திருக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். பேண்ட்கேம்பில் யாரோ ஒருவரின் அலுமாரிக்குள் போனானாம், அங்கேயிருந்து இன்னொருவரின் அலுமாரிக்கு. விடிய மூன்று மணியாம். முதல்முறை ஹெட்செட் இல்லாமல் கேட்டுவிட்டு, மறுபடி ஹெட்செட்டில் கேட்டானாம். அந்த இரவு நானும் இரண்டு முறை கேட்டேன்.

அடுத்த நாள் இன்னொரு செய்தி. "மாமா, நல்ல முத்தின மூங்கில் எங்க எடுக்கலாம்?" எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் விசாரித்தேன். தனக்குத் தெரிந்த ஒரு வளவில் நிற்கிறதாம், கேட்டு வெட்டித் தரலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேருமாகப் போகிறோம்.